பசில் துண்டு தொலையாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. பசில் இருபத்தாறு. குடியிருப்பில் நாலைந்து வீடுகள் சேர்ந்து பசில்களை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறோம். திரும்பி வரும்போது எண்ணி வாங்கி வைக்கிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதனால் கேள்விகளும் என்னிடமே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன்.

துண்டுகளைப் பொருத்திப் படம் சேர்க்கிற இந்த விளையாட்டுக்குப் பெட்டியில் ஜிக்சா என்று போட்டிருந்தாலும் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பசில்தான். துண்டில் நீட்டிக்கொண்டிருப்பது மூக்கு, உள்வாங்கியிருப்பது குழி. இது என் பிள்ளைகள் வைத்த பெயர், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

புதுசாக வாங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கேளுங்கள். கிடைக்காது, ராத்திரி தூங்கிய பிறகாவது உட்காருங்கள்.

முதலில் துண்டுகள் வந்த பிளாஸ்டிக் உறையை உதறிப் பாருங்கள். மூலையில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு, உறையோடு குப்பைக்குப் போவது ரொம்ப சாதாரணம். "கடையிலேயே ஒன்று குறைச்சலாகக் கொடுத்துவிட்டான்" என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் துண்டு அந்த உறையில்தான் போயிருக்கும் என்பது என் சந்தேகம். வெட்டும்போது சரியாகப் பிரியாமல் இரண்டு துண்டுகள் ஒட்டியபடியே வருவதும் உண்டு. பிய்த்தால் மேல் காகிதம் உரியும். படப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, வெட்டுக்கோட்டில் பிளேடால் மெதுவாகக் கீறிப் பிரியுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. பத்துப் பத்தாக வரிசை வையுங்கள், வேகமாக முடியும். குறைந்தால் மறுநாளே கடைக்குப் போகலாம். ஒரு வாரம் விளையாடிய பிறகு போனால் நாமே தொலைத்ததாகத்தான் நினைப்பார்கள். நினைக்கத்தானே செய்வார்கள்!

அப்புறம்தான் முக்கியமான வேலை. எல்லாத் துண்டின் முதுகிலும் ஒரே குறி போடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா, பை எல்லாம் இதற்குப் பிறகுதான். குறி இருந்தால் சோபாவுக்கு அடியில் கிடைக்கிற அநாதைத் துண்டு எந்தப் பசிலுடையது என்று இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். குறி இல்லாவிட்டால் அது ஒரு நீல வானத் துண்டு. வீட்டில் பத்துப் பசிலில் வானம் இருக்கிறது.

என்ன குறி போடலாம்? 1, 2, 3 என்று எண் போட்டால் போதாதா?

பசிலுக்கு ஒரு எண் என்றால் போதும், ஆனால் 6-ஐயும் 9-ஐயும் தவிர்த்துவிடுங்கள். துண்டு எந்தப் பக்கமாகக் கிடக்கும் என்று நமக்குத் தெரியாது.

நான் எழுத்து போடுகிறேன். அதிலும் ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். உயிரெழுத்தை அகர வரிசையில் அப்படியே போட்டுக்கொண்டே போனதில் எ, ஏ இரண்டும் கலந்துவிட்டன. கீழே இருக்கிற சின்னக் கோடு அழிந்தால் ஏ எ ஆகிவிடுகிறது. ஒ, ஓ கதையும் அதுதான். ட, ப, ம, ய நான்கும் அவசரமாக எழுதிக் கவிழ்த்துப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். கடைசியில் மயக்கம் தராத ஒன்பது எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டேன்: அ, இ, ஐ, க, ச, ஞ, ண, ழ, ஹ. நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று மை. ஒன்பதை மூன்றால் பெருக்கினால் இருபத்தேழு. இருபத்தெட்டாவது பசில் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அதனால் வந்த சட்டம். சின்னவனுக்கு 'ழ' தெரிந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, மயில் பசிலின் முதுகில்.

துண்டுகளுக்கு வரிசை எண் போடாதீர்கள். எந்தத் துண்டு தொலைந்தது என்று கண்டுபிடிக்க வசதிதான், ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். திருப்பிப் பார்த்து எண் வரிசையில் அடுக்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "அம்மா, போர்" என்பார்கள்.

எந்தப் பேனா நல்லது?

சாம்பல் நிற அட்டைக்குச் சாதாரண பால்பாயின்ட் பேனா. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், வேர்வைக் கையில் மை ஊறிப் படப் பக்கத்துக்கு வந்துவிடும். மரத்துக்கு 2பி பென்சில். முதுகு காந்தமாக இருந்தால் பெர்மனன்ட் மார்க்கர். இரண்டு பக்கமும் படம் உள்ள பசிலில் குறி போட இடமே இல்லை. அதைத் தனி டப்பாவில் வைத்து, மற்றதோடு சேர்த்து எடுக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. நான் அந்த வகையை வாங்குவதையே விட்டுவிட்டேன்.

பெட்டியிலேயே வைத்தால் என்ன?

வைக்கலாம், பெட்டி நன்றாக இருக்கும்வரை. எங்கள் வீட்டில் அது மூன்று மாதம். முதலில் மூடியின் நாலு மூலையும் பிரியும், அப்புறம் யாராவது அதன்மேல் ஏறி நிற்பார்கள்.

மூலை பிரிந்ததுமே மூடியின் படத்தை மட்டும் வெட்டி எடுங்கள். துண்டுகளும் படமும் ஒரு ஜிப் வைத்த வலைப்பையில் போகட்டும். ஸ்டேஷனரிக் கடைகளில் ஏ4 அளவில் கிடைக்கிற பைதான். உள்ளே இருப்பது வெளியே தெரியும், நிற்க வைத்துப் புத்தகம்போல அடுக்கலாம். 100 துண்டு வரை ஏ4 போதும், 24 துண்டுக்கு ஏ5. பையின் ஓரத்தில் எழுத்தையும் எண்ணிக்கையையும் எழுதி ஒட்டுங்கள்: "ஞ நீலம், 48". அந்த 48 முக்கியம். பெட்டியைத் தூக்கிப் போட்ட பிறகு எத்தனை துண்டு இருக்க வேண்டும் என்பது வேறெங்கும் இருக்காது.

பை வாங்க வேண்டாம் என்றால் சதுரமான ஐஸ்கிரீம் டப்பா நல்லது. பிரியாணி பார்சல் டப்பாவும் நான் பயன்படுத்தினேன். எத்தனை தடவை கழுவினாலும் டைனோசர் பசிலில் ஏலக்காய் வாசம் போகவில்லை. எவர்சில்வர் டப்பாவை மறந்துவிடுங்கள். உள்ளே என்ன என்று தெரியாது, விழுந்தால் ஊருக்கே கேட்கும். மரத்துண்டுகளுக்குச் சுருக்குப்பை அருமை. பழைய பருத்திப் புடவைத் துணியில் எங்கள் அத்தை ஆறு தைத்துக் கொடுத்தார்; கயிற்றை இழுத்தால் மூடிக்கொள்ளும், நாலு வயதுக் கைக்கு ஜிப்பைவிடச் சுலபம்.

ரப்பர் பேண்ட் மட்டும் கூடவே கூடாது. நம் ஊர் வெயிலில் இளகி, பெட்டியோடு ஒட்டி, அட்டையில் பழுப்புக் கோடு போட்டுவிடும்.

துண்டுகள் எங்கேதான் போகின்றன?

நான் இதைக் கொஞ்ச காலம் குறித்துவைத்துப் பார்த்தேன். அலமாரியில் இருக்கும்போது தொலைந்த துண்டு எனக்கு நினைவில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே விளையாடி முடித்த பத்து நிமிடத்தில் போனவை.

முதல் இடம் பாய். கோரைப்பாயில் உட்கார்ந்து அடுக்குவார்கள், முடிந்ததும் யாராவது பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவார்கள். உள்ளே இரண்டு துண்டுகள் சுருண்டிருக்கும். மறுபடி விரிப்பது விருந்தாளி வரும்போது. பொத்தென்று விழுகிற துண்டை "இது என்ன குப்பை" என்று அவர்களே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, துடைப்பம். காலையில் கூட்டும்போது அட்டைத் துண்டு தூசியோடு முறத்தில் ஏறிவிடும். மூன்றாவது, கால்சட்டைப் பை. ஏன் துண்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. சின்னவன் ஒரு தடவை "சிங்கத்துக்குக் குளிருது" என்றான். அது அப்படியே வாஷிங் மெஷினுக்குள் போய்க் கூழாக வரும். துவைக்கும் முன் பையைத் துழாவுங்கள். அப்புறம் சோபா இடுக்கு, கட்டிலின் சுவர்ப் பக்கம், செருப்பு அலமாரி. ஏன் செருப்பு அலமாரி? அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதி: ஒன்றை மூடி வைத்த பிறகுதான் அடுத்தது திறக்கும். அழுகை வரும், இரண்டு வாரம். அப்புறம் பழகிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு பசில் தரையில் இல்லை என்றாலே பாதித் தொல்லை போய்விடுகிறது.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா குப்பை என்று நினைத்துப் போட்டுவிடுகிறார். எப்படிச் சொல்வது?

குறை சொல்லும் தொனியில் வேண்டாம். முறத்தில் தூசியோடு கிடக்கிற சாம்பல் நிற அட்டைத் துண்டு பார்க்கக் குப்பை மாதிரியேதான் இருக்கும், நாமே போட்டிருப்போம். நான் கூட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், மூடியில்லாத ஒரு டப்பா வைத்தேன். "அக்கா, தரையில் என்ன சின்னப் பொருள் கிடந்தாலும் இதில் போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். பசில் துண்டு என்று அடையாளம் கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை. இப்போது அந்தக் கண்டெடுத்த டப்பாவில் பசில் துண்டு, தோடு திருகாணி, சட்டைப் பட்டன், ஒரு தடவை என் மாமனாரின் பல்செட் ஸ்பிரிங்கூட வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரியவள் டப்பாவைக் கவிழ்த்து, எழுத்தைப் பார்த்து அந்தந்தப் பையில் சேர்த்துவிடுவாள்.

பசில் பாதியில் நிற்கிறது, சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கலைத்தால் அழுகிறான்.

கலைக்காதீர்கள், அவன் அழுவது நியாயம்தான்.

48 துண்டு வரைக்கும் பரீட்சை அட்டையைவிட நல்ல பலகை கிடையாது. அதன்மேலேயே அடுக்கச் சொன்னால் அப்படியே தூக்கிப் பீரோமேல் வைத்துவிடலாம். கிளிப் இருக்கிற பக்கம் மேலே வரட்டும். பெட்டிப் படத்தை அந்தக் கிளிப்பில் மாட்டிவிடலாம். 100 துண்டுக்கு மேலே என்றால் தச்சரிடம் கேட்டு 6 மில்லிமீட்டர் பிளைவுட் வெட்டு ஒன்று வாங்கி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிற அளவு பார்த்து வாங்குங்கள். போர்வையில் அடுக்கிச் சுருட்டலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. மூக்கும் குழியும் இறுக்கமாகப் பொருந்துகிற பெரியவர்கள் பசிலுக்கு அது சரிவரலாம். சிறுபிள்ளைகளின் தடித்த அட்டை சுருளாது, சிதறும்.

ஒவ்வொரு தடவையும் எண்ண முடியுமா? முழுசாக இருக்கிறதா என்று சட்டென்று பார்க்க வழி இல்லையா?

நான் சமையலறைத் தராசை வைத்து ஒரு குறுக்கு வழி பிடிக்கப் பார்த்தேன். முழு பசிலின் எடையை எழுதிவைத்துக்கொண்டு திரும்பி வரும்போது நிறுத்துப் பார்ப்பது. ஆகஸ்டில் அழகாக வேலை செய்தது. நவம்பர் மழையில் துண்டு குறைந்த பசில்கூட எடை கூடிக் காட்டியது! அட்டை காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது. 100 துண்டு, துண்டுக்கு 3 கிராம் என்று வையுங்கள், மொத்தம் 300. ஈரத்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறினாலே 6 கிராம், அதாவது இரண்டு துண்டின் எடை. துண்டு பெரிதாகவும் கனமாகவும் உள்ள 12, 24 பசில்களுக்கு மட்டும் இந்த வழி தேறும்.

ஓரத்தை மட்டும் எண்ணுவது இன்னொரு வழி. நீளவாட்டில் எத்தனை, அகலவாட்டில் எத்தனை என்று கூட்டி, இரண்டால் பெருக்கி, நாலைக் கழியுங்கள். 6-க்கு 4 ஆக அடுக்குகிற 24 துண்டில் ஓரம் 16. 8-க்கு 6 ஆக உள்ள 48-ல் சரிபாதி, 24. 10-க்கு 10 ஆக உள்ள 100-ல் 36. விளிம்பு நேராக இருக்கிற துண்டுகளைப் பொறுக்குவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஓரம் சரியாக இருந்தால் உள்ளேயும் சரி என்று அர்த்தமில்லை, ஆனால் ஓரத்திலேயே குறைந்தால் மேலே எண்ண வேண்டியதில்லை, தேட ஆரம்பித்துவிடலாம்.

உண்மையில் சிறந்த எண்ணிக்கை அடுக்கி முடிப்பதுதான். 60 துண்டுக்குக் கீழே உள்ளதைப் பெரியவள் அடுக்கிக் காட்டிவிட்டுத்தான் பையில் போடுகிறாள்.

1000 துண்டு என்று போட்டிருக்கிறது. எண்ணினால் 1026 வருகிறது. வேறு பசில் கலந்துவிட்டதா?

இல்லை. 38-க்கு 27 ஆக வெட்டினால் 1026. இந்த அளவுப் படங்கள் பெரும்பாலும் 70-க்கு 50 சென்டிமீட்டர் பக்கத்தில் இருக்கும். அதை 38-க்கு 27 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்டச் சதுரமாக வரும், அதற்காகத்தான். 40-க்கு 25 ஆக வெட்டிச் சரியாக 1000 கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 500 துண்டிலும் இப்படித்தான், 27-க்கு 19 என்றால் 513. ஆகவே பையில் எழுதும்போது பெட்டி சொல்வதை எழுதாமல் நீங்கள் எண்ணியதை எழுதுங்கள்.

இந்தியா மேப் பசிலில் எத்தனை துண்டு இருக்க வேண்டும்?

எப்போது அச்சிட்டது என்பதைப் பொறுத்தது. 2014 ஜூனுக்கு முன்பு வந்ததில் தெலங்கானா இருக்காது. 2019 அக்டோபர் 31-க்கு முன்பு ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் ஒரே துண்டு. இப்போதைய கணக்கு 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம். ஆனால் எல்லாம் தனித் துண்டாக வராது. புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அதைத் துண்டாக வெட்டினால் கடுகளவுதான் வரும். அதனால் பக்கத்து மாநிலத் துண்டிலேயே அச்சடித்துவிடுவார்கள்.

தமிழ்நாடு மாவட்டப் படமும் அப்படித்தான். 2019 வரை 32 மாவட்டம். அந்த ஆண்டு கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் சேர்ந்து 37. 2020-ல் மயிலாடுதுறையோடு 38. பக்கத்து வீட்டுப் பையன் அண்ணனிடமிருந்து வந்த பழைய பசிலில் "தென்காசியைக் காணோம்" என்று இரண்டு நாள் தேடினான். திருநெல்வேலிக்குள்ளேயே இருந்தது பாவம்.

மேப் பசிலில் முதலில் தொலைவது எப்போதும் கோவா. அப்புறம் சிக்கிம், திரிபுரா. இந்தச் சின்னத் துண்டுகளை மட்டும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுப் பையில் வைத்துவிடுங்கள்.

சொல்லப்போனால் பசிலே மேப்பில்தான் தொடங்கியது. 1760-களில் லண்டனில் வரைபடம் செதுக்கும் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்கு பூகோளம் சொல்லித்தர விற்றார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளை வளர்த்த லேடி சார்லட் ஃபின்ச் இப்படிப்பட்ட வரைபடங்களை வைத்துக்கொள்ளவே ஒரு மகோகனிப் பெட்டி வைத்திருந்தார். அரண்மனையிலும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது!

நாலு பசில் ஒன்றாகக் கலந்துவிட்டது. முதுகில் குறியும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

படத்தைப் பார்க்காதீர்கள், அதுதான் ரகசியம். எல்லாத் துண்டையும் கவிழ்த்துப் போடுங்கள். முதுகின் நிறம் பசிலுக்குப் பசில் மாறும்: ஒன்று சாம்பல், ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. முதலில் நிறத்தால் பிரியுங்கள். அடுத்து தடிமன், சந்தேகமான இரண்டை மேசை விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவினால் உயர வித்தியாசம் தெரிந்துவிடும். அப்புறம் துண்டின் அளவு. கடைசியில்தான் திருப்பிப் போட்டுப் பளபளப்பு, வண்ணம், படம்.

பிரிக்கும்போது பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுங்கள். பதினாலு குழி, உருளாது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஒரு குழியில் பச்சை, ஒன்றில் விளிம்பு, ஒன்றில் கண் காது மூக்கு. பெரிய துண்டுக்குக் குழி போதாது, அதற்கு இட்லித் தட்டு. சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு பசில் கலந்திருந்தால் கவனம். அட்டையை வெட்டுவது எஃகு அச்சு. அந்த அச்சு விலை அதிகம் என்பதால் பல படங்களுக்கு ஒன்றையே பயன்படுத்துவார்கள். ஆகவே யானைப் பசிலின் துண்டு கப்பல் பசிலில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துவிடும். பொருந்திவிட்டது என்பதால் அங்கேதான் சேர்ந்தது என்று முடிவு கட்டக்கூடாது. பிரித்து முடித்த கையோடு பேனாவை எடுத்துக் குறி போடுங்கள். நாளைக்கு என்றால் நடக்காது.

மழைக்காலத்தில் அட்டை உப்பி, மேல் காகிதம் பிரிகிறது. பூச்சி வேறு.

சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பாடுதான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், கீழ்த்தட்டிலும் வேண்டாம். செருப்பு, கைப்பையோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பிள்ளைக்கு எட்டாத பெரிய மூடிப் பெட்டிக்குள் போடலாம். பசில் பைக்குள் போட்டால் சின்னது வாயில் வைக்கும்.

பிரிந்த காகிதத்துக்கு ஈர்க்குச்சி நுனியில் பெவிக்கால் தொட்டு உள்ளே தடவி, வழிந்ததைத் துடைத்து, பிளாஸ்டிக் தாள் போட்டு, மேலே கனமான புத்தகம் ஒரு ராத்திரி. தண்ணீர் கொட்டிவிட்டால் வெயிலில் போடாதீர்கள், அப்பளம் மாதிரி வளையும். நாளிதழுக்கு நடுவில் அடுக்கி, கனம் வைத்து, தாளை மாற்றி மாற்றி நிழலில் காயவிடுங்கள்.

இராமபாணப் பூச்சிக்குக் காகிதமும் பசையும் விருந்து. காய்ந்த வேப்பிலை அல்லது வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மாதம் ஒரு தடவை உதறித் துடைப்பது அதைவிடப் பலன் தருகிறது. பாச்சை உருண்டையை விளையாட்டுப் பொருள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மிட்டாய் மாதிரி இருக்கும், விழுங்கினால் நஞ்சு. நாப்தலீன் உருண்டையாக இருந்தால், ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ள பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் அபாயமும் உண்டு.

இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. அக்காவின் பசிலை எடுத்து வாயில் வைக்கிறது.

இது ஒழுங்கு பற்றிய கேள்வி அல்ல, ஆபத்து பற்றியது. பொம்மைச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துவார்கள். அதற்குள் முழுசாகப் போகிற பொருள் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 100 துண்டுப் பசிலில் பல அந்த அளவுக்குள் வரும். பெரியவளின் பசில் மேசைமேல், சின்னதன் கை எட்டாத அலமாரியில். ஃபோம் பசில் துண்டு பெரிதாக இருந்தாலும் பல் முளைத்த குழந்தை கடித்துத் துண்டாக்கும்.

காந்தப் பசிலில் காந்தம் கழன்றிருந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். இரண்டு காந்தம் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சுவரைத் துளைத்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

எத்தனை பசிலை வெளியே வைக்கலாம்?

பிள்ளைக்கு நாலு. மற்றதெல்லாம் பரணில். மாதம் ஒருமுறை மாற்றினால் பழைய பசில் புதுசாகத் தெரியும். வெளியே உள்ள நாலில் ஒன்று சுலபமானதாக இருக்கட்டும், காய்ச்சல் நாளுக்கு உதவும்.

எந்த வயதில் பிள்ளையே எடுத்து வைக்கும்?

மூன்று வயதில் பையைப் பிடித்துக்கொண்டு "போடு போடு" என்றால் போடும். ஐந்தில் எழுத்து பார்த்துப் பிரிக்கும். எட்டு வயதில் எல்லாம் தெரியும், ஆனால் சொன்னால்தான் செய்யும்.

ஒரு துண்டு தொலைந்தே போய்விட்டது. பசிலைத் தூக்கிப் போடுவதா?

ஒரு மாதம் பொறுங்கள். அந்தப் பைமேல் "47, ஒன்று இல்லை" என்று எழுதிவையுங்கள். சில நிறுவனங்கள் எழுதிக் கேட்டால் துண்டு அனுப்புவது உண்டு, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வராவிட்டால் செய்துகொள்ளலாம். பசிலை அடுக்கி, ஓட்டையைச் சுற்றியுள்ள துண்டுகளை நெருக்கி வையுங்கள். கீழே வெள்ளைத் தாள் செருகி, கூரான பென்சிலால் ஓட்டையின் உள்விளிம்பை வரையுங்கள். அந்த வடிவத்தைச் சட்டைப் பெட்டி அட்டையில் வெட்டி, தடிமன் சரியாகும்வரை இரண்டு மூன்று ஒட்டுங்கள். வெட்ட நகக் கத்தரி நல்லது, மூக்கு வளைவில் திரும்பும். மரத் தட்டுப் பசில் என்றால் குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து எம்-சீலை அழுத்தி நிரப்பி, இறுகியதும் எடுத்து உப்புத்தாளால் தேயுங்கள். அதைப் பிசைவது பெரியவர்கள் வேலை, கையுறையோடு.

படத்துக்கு, பெட்டி மூடியை போனில் படமெடுத்துப் பெரிதாக்கி அச்செடுக்கலாம். நாங்கள் அந்தச் சிரமம் எடுக்கவில்லை. யானைப் பசிலில் கண் இருந்த துண்டு போனபோது, பெரியவள் வெட்டிய அட்டையில் கிரேயானால் ஒரு கண் வரைந்தாள். இமை மூன்று, கொஞ்சம் மாறுகண். இரண்டு வருடம் கழித்துக் கொலுப் பெட்டியில், செட்டியார் பொம்மை சுற்றியிருந்த நாளிதழுக்குள் அசல் துண்டு கிடைத்தது. மாற்றலாம் என்றேன். விடவில்லை. இப்போது அந்தப் பை மேல் "49" என்று எழுதியிருக்கிறது.

வளர்ந்த பிறகு யாருக்காவது கொடுக்கும்போது?

அடுக்கி முடித்து ஒரு படம் எடுத்து, அதோடு கொடுங்கள். குறைந்ததைக் கொடுத்தால் குறைவென்று சொல்லிக் கொடுங்கள். நாலு துண்டுக்கு மேல் போனதைக் கொடுக்காதீர்கள். அதன் துண்டுகளின் முதுகில் எழுதி வாழ்த்து அட்டையாக்கலாம், ஓட்டைபோட்டுப் பரிசுப் பொட்டலத்தில் கட்டலாம். அங்கன்வாடிக்குக் கொடுப்பதாக இருந்தால் 12, 24 துண்டுள்ள பெரிய மரப் பசில்தான் அங்கே உதவும். நான் முதலில் 200 துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சரம்மா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முடித்த பசிலை ஒட்டி ஃப்ரேம் போடலாமா?

1000 துண்டை நீங்கள் அடுக்கியிருந்தால் போடுங்கள். பிள்ளை அடுக்கியது என்றால் வேண்டாம், நாளைக்கு மறுபடி கேட்கும்.